179 ஓட்டு சண்டை

தென்னாப்பிரிக்காவோட ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்த நாஸ்ரெக் மாநாடு முடிஞ்சு இத்தனை வருஷமாகியும், டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கிற எங்க வீட்ல அந்த பேச்சு ஓயல. 2017 டிசம்பர்ல ரமபோசாவுக்கு 2440, ட்லாமினி சூமாவுக்கு 2261, வித்தியாசம் வெறும் 179. எங்க பெரியப்பா ஏஎன்சின்னா உயிர விடுவாரு (இந்த ஏரியால அப்படி ஆளுங்களே கம்மி), மாநாட்டுல அவருக்கு ஓட்டே கிடையாது, அது டெலிகேட்டுங்களுக்குத்தான், இருந்தும் அவரு ஆள் ட்லாமினி சூமா தோத்ததுக்கு ரமபோசா பக்கம் நின்ன அத்தை வீட்டுக்கு தீபாவளிக்குக்கூட போகல.

ஆனா 2019 பொதுத்தேர்தல்ல முறைச்சுக்கிட்டே அதே ஏஎன்சிக்குத்தான் குத்துனாரு. 2007 போலோக்வானே மாநாட்டுல அப்போதைய அதிபர் ம்பெக்கி கட்சித் தலைவர் போட்டியில தோத்தப்பவும் கோபத்துல பிரிஞ்சு போனவங்க கோப் கட்சி ஆரம்பிச்சாங்க, 2009-ல 7 சதவீதம் சொச்சம், அவ்ளோதான்.

2024 தான் வேற கதை. முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா (ட்லாமினி சூமாவோட முன்னாள் கணவர்) எம்கேங்கிற புதுக் கட்சி பக்கம் போனதும் நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்துல அது 45 சதவீதம் அள்ளிருச்சு, நாட்டளவுல ஏஎன்சி 40-க்கு எறங்கி அதுவரைக்கும் எதிர்க்கட்சியா இருந்த டிஏகூடவே கைகோக்க வேண்டியதாச்சு. என்னைக் கேட்டா, தோத்தவங்களுக்கு போறதுக்கு வேற இடம் இல்லாத வரைக்கும்தான் இந்த ஒத்துமை எல்லாம்.

பெரியப்பா கட்சி டீ-ஷர்ட்டால இப்ப கார் தொடைக்கிறாரு. யாருக்கு போட்டீங்கன்னு கேட்டா, கிரிக்கெட் ஸ்கோர் என்னாச்சுங்கிறாரு.