மாட்டுப் பொங்கல் மறுநாள் வர்ற போன்

நான் கால்நடை மருத்துவக் கல்லூரியில அனிமல் நியூட்ரிஷன் எடுக்குறேன், அதாவது தீவனப் பாடம். சேர்ற பசங்கள்ல நிறைய பேருக்கு சர்ஜரி மேலயோ நாய் பூனை கிளினிக் மேலயோதான் கண்ணு, தவிடு, புண்ணாக்கு, வைக்கோல்னு நான் ஆரம்பிச்சா முகம் வாடிடும். ஆனா கறவை மாடு வச்சிருக்கறவங்க செலவுல 60-70 சதவீதம் தீவனத்துக்குத்தான் போகுது, ஒரு குடும்பம் தேறுறதும் கடன்ல மாட்டுறதும் அந்தத் தீவனத் தொட்டியிலதான் முடிவாகுது. என்னைக் கேட்டா கோர்ஸ்லயே முக்கியமான பாடம் இதுதான்.

அதனால தியரிக்கு முன்னாடியே பண்ணைக்கு கூட்டிட்டுப் போயிடுவேன். மாட்டோட இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னாடி இருக்குற பள்ளத்துல கைய மடக்கி அழுத்தி வைக்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் உள்ளேருந்து மெதுவா கைய வெளிய தள்ளும் பாருங்க, அப்ப அந்தப் பசங்க முகத்தைப் பாக்கணும்! அதுதான் பெருவயிறு, அதாவது மாட்டு வயித்துல இருக்குற நாலு அறையில பெரிய அறை, அசையுறது, நல்லா இருக்குற மாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வரும். உள்ள நூறு லிட்டருக்கு மேல கொள்ளும், அந்தத் தண்ணி ஒரு மில்லியில சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியா. நாம போடுற வைக்கோலை மாடு நேரா ஜீரணிக்கறதில்ல, இதுங்கதான் உடைச்சுக் குடுக்குது.

வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மறுநாள் போன் வரும். "மேடம், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு அசை போடல, படுத்தது எந்திரிக்கவே மாட்டேங்குது." என்ன போட்டீங்கன்னு கேட்டா, மிஞ்சின பொங்கல், சோறு எல்லாம் ஒரு குண்டான் நிறைய வச்சோம்பாங்க. பாசத்துல வச்சதுதான், அதான் எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கும்.

சோத்துல இருக்குற மாவுச்சத்து பெருவயித்துல ரொம்ப வேகமா புளிச்சு லாக்டிக் அமிலமா மாறிடும், வழக்கமா 6-7ல இருக்குற பி.ஹெச். (புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி) 5க்கும் கீழ இறங்கிடும், நார் உடைக்குற பாக்டீரியா செத்துடும், ரத்தத்துல இருக்குற தண்ணி வயித்துக்குள்ள இழுத்துக்கும், கண்ணு குழி விழுந்து மாடு சாஞ்சிடும். வைக்கோல்னா மென்னு மென்னு அசை போட்டு எச்சில் ஊறும், ஒரு நாளைக்கு நூறு லிட்டர் கூட ஊறும், அதுல சோடா உப்பு இருக்கறதால அமிலம் மட்டுப்படும். சோத்தை மெல்ல என்ன இருக்கு?

ஆசைக்கு ஒரு உருண்டை ஊட்டுங்க, போதும். அன்னைக்கு வைக்கோலைக் குறைக்காதீங்க. தெரியாம தின்னுடுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டரைக் கூப்பிடுங்க, முதல் சில மணி நேரத்துல பாத்துட்டா காப்பாத்த வழி இருக்கு.