வைனுயோமாட்டாவில் ஒரு செடிக் குடும்பம்

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் ரயில் ஏறி வாட்டர்லூவில் பஸ் மாறி ஒரு மலையைத் தாண்டினால் அக்கா குடியிருக்கும் வைனுயோமாட்டா. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்கிற ஊர் இல்லை. ஆனால் குழந்தைகளை முழுக்க இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியிலேயே வளர்க்கும் 'கோஹங்கா ரெயோ' மழலையர் மையங்களில் முதலாவது 1982-இல் இங்கேதான் தொடங்கியது. பேச ஆளில்லாமல் தேய்ந்துகொண்டிருந்த மொழியைப் பாட்டிகளும் தாத்தாக்களும் பேரக்குழந்தைகளின் வாயில் ஊட்டிய இடம்.

அக்கா மகள் போவது சாதாரண மழலையர் பள்ளிதான். "இன்றைக்கு ஹராகெகே வெட்டப் போகிறோம், நீயும் வா சித்தி" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஹராகெகே இந்த நாட்டின் நார்ச்செடி. நீண்ட, வாள் வடிவ இலைகள் அடியிலிருந்து விசிறியாக விரிந்து ஆளுயரத்தைத் தாண்டும். கூடை, பாய், கயிறு, மீன்வலை, உடுப்பு என்று மாவோரிகள் எல்லாவற்றையும் இதிலிருந்தே செய்துகொண்டார்கள். வெட்டுவதற்கு முறை இருக்கிறது. நடுவில் முளைக்கும் குருத்து குழந்தை. அதை இருபுறமும் அணைத்து நிற்பவை அம்மா அப்பா. இந்த மூன்றையும் தொடக்கூடாது. வெளியே இருக்கும் தாத்தா பாட்டி இலைகளை மட்டும் எடுக்கலாம், அதுவும் மழைத்தண்ணீர் உள்ளே தேங்காதபடி வெளிப்புறம் சரிவாக வெட்டி. மழையில் வெட்டுவதில்லை, இரவில் வெட்டுவதில்லை. முதிர்ந்த இலைகள் போனால் புதருக்குள் காற்றும் வெளிச்சமும் வரும்; குருத்து போனால் அந்த விசிறியே போயிற்று. தாவரவியலாகவும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு விளையாட்டு. மிகச் சின்னப் பெண் நடுவில் குந்திக்கொண்டாள். இருவர் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். மற்றவர்கள் வெளியே கைகளை உயர்த்தி இலைகளாக நின்றார்கள். ஒரு பையன்தான் கத்தி. சுற்றிச் சுற்றி வந்தவன் நேரே நடுவில் இருந்தவளை நோக்கிக் கை நீட்டியதும் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள்: "அது பாப்பா!" அவன் செய்த குறும்பு அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த கத்தியும் அதையே செய்தது. அதற்கடுத்த கத்தியும்.

உள்ளே சுவரில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லும் வண்ணப் படம் ஒன்று தொங்கியது. ஒரு குழந்தையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'பூமியைக் காப்போம்' என்பதை நாலு வயதுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாப்பாவைக் காப்பது என்றால் உடனே புரிகிறது.

இதை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பனையோலைக் கொட்டான் முடைய நாம் வெட்டுவதே குருத்தோலையைத்தான். முற்றிய ஓலை வளையாது. பனைக்குக் கணக்கு வேறு, அதைப் பனையேறிகளிடம்தான் கேட்க வேண்டும். எந்தப் பள்ளியாவது கேட்டதா என்பது என் சந்தேகம்.

வெட்டிய பின் பூ முடைந்தார்கள். சொல்லிக்கொடுத்த மாவோரிப் பாட்டி, மிச்சம் விழுந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்க வைத்துச் செடியின் அடியிலேயே போடச் செய்தார். முதலில் முடைந்ததைத் தானே வைத்துக்கொள்ளாமல் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கமாம். அதைக் கேட்டதும் அக்கா மகள் ஓவென்று அழுதாள். கோணல் பூவை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கடைசியில் அரை மனதோடு அந்தப் பாட்டியிடமே நீட்டினாள். அவர் ஸ்வெட்டரில் குத்திக்கொண்டார். "இரண்டாவது பூ எனக்குத்தானே?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஹராகெகே சாலையோரமெங்கும் இருக்கும், கேட்காமல் கை வைக்காதீர்கள். முடைவதற்கென்றே யாராவது அதை வளர்த்து வைத்திருக்கக்கூடும். நார் வேலைப்பாட்டைப் பார்க்க வெலிங்டன் கடற்கரையிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகம் போதும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.