கரிஸ்மாவுக்கு கம்பி வீல்

என் பைக் 2003ல வந்த முதல் மாடல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 223 சிசி. அதோட அலாய் வீல எடுத்துட்டு ஸ்போக் வீல், அதான் கம்பி வீல் போடப்போறேன்னதும் வீட்லயே சிரிச்சாங்க. நான் ஏதோ ரெண்டு ரிம் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன், ரெண்டுமே 18 இன்ச் தானே, ஆனா வேலை முழுக்க வீல் நடுவுல இருக்குற ஹப்லதான் இருக்கு. ஆக்சில் தடிமன் சேரணும், டிஸ்க் போல்ட் ஓட்டை சேரணும், பின்னாடி டிரம், ஸ்ப்ராக்கெட் ரெண்டும் நேர் வரணும். முன்னாடி ஆக்சில்ல இடைவெளிக்கு போடுற ஸ்பேசர் ஒரு மூணு மில்லிமீட்டர் கம்மியா போச்சு, டிஸ்க் பிரேக் காலிப்பர்ல உரசி கீய்ய்னு சத்தம், மறுபடி லேத்துக்கு ஓட்டம்.

வீல் கோட்டம் எடுத்தது பழைய சைக்கிள் கடை அண்ணன்தான். ரிம் பக்கத்துல சாக்பீஸ புடிச்சுகிட்டு வீல சுத்துறாரு, எங்க கோடு விழுதோ அந்த இடத்துல கம்பிய ரிம்மோட இறுக்குற நிப்பிள கால் சுத்து, அவ்ளோதான். 36 கம்பியையும் ஸ்பேனரால தட்டி சத்தம் கேக்குறாரு, டொக்குன்னா லூசு, டிங்குன்னா சரி. "தம்பி, 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப கொண்டா, கம்பி உக்காந்து லூசாகும்"ன்னாரு.

டியூப்லெஸ் ஆசையும் போச்சு, நிப்பிள் ஓட்டை வழியா காத்து போயிடும்ல, டியூப்தான். பஞ்சர் கிட் இனிமே பைலயே.