எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் எண்

கடந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டக் கிடைக்கும் என்று நான் நினைத்தே பார்க்காத இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். ஒன்று, 1970ஆம் ஆண்டு பியூக் ஜிஎஸ் 455 ஸ்டேஜ் 1. மற்றொன்று, 1969ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ இசட்/28. பியூக் என் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஃபிளின்ட் நகரத்தில் ஒரு வார்ப்பாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கமாரோ அவருடைய மைத்துனருடையது. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வுட்வர்ட் அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடுகள் இருக்கின்றன. பனி விழத் தொடங்கினால் சாலையில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். தகட்டை அரிக்கும் அந்த உப்பு முழுவதும் கரைந்து போகும் வரை இந்தக் கார்கள் கொட்டகையை விட்டு வெளியே வராது. "அதற்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்" என்று பெரியவர் சாவியை நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வுட்வர்ட் சாதாரணச் சாலை இல்லை. 1960களில் இரவு நேரங்களில் இங்கே சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்தது. தொழிற்சாலைப் பொறியாளர்களே புதிய கார்களைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்த இடம் இது. 1995 முதல், 2020 தவிர, ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் மூன்றாவது சனிக்கிழமையில் பழைய கார்கள் இங்கே அணிவகுக்கின்றன. அந்தச் சனிக்கிழமையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே வாக்குவாதத்தை ஆண்டுதோறும் கேட்டுவருகிறேன். கீழ் வேகத்தில் இழுக்கும் பெரிய எஞ்சின் சிறந்ததா, மேலே சுற்றிச் சுற்றித் திறனைக் கறக்கும் சிறிய எஞ்சின் சிறந்ததா?

விற்பனைப் பிரசுரத்தில் இருந்த எண்களை முதலில் எழுதிவிடுகிறேன். பியூக்: நிமிடத்துக்கு 4,600 சுழற்சியில் 360 குதிரைத்திறன், 2,800 சுழற்சியில் 510 பவுண்டு-அடி முறுக்குவிசை (எஞ்சின் தன் தண்டைத் திருகும் பலம்). கமாரோ: 5,800 சுழற்சியில் 290 குதிரைத்திறன், 4,200 சுழற்சியில் 290 பவுண்டு-அடி. நியூட்டன் மீட்டரில் சொன்னால் முறுக்குவிசை முறையே 691, 393. வாதம் செய்பவர்கள் 360, 510, 290 என்று பெரிய எண்களைத்தான் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் நிற்கும் சுழற்சி எண் அவர்கள் வாயில் வருவதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காரோடு தினமும் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை அந்தச் சிறிய எண்தான் சொல்லும்.

குதிரைத்திறனும் முறுக்குவிசையும் ஏதோ இரண்டு கட்சிகள் போலப் பேசப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. பவுண்டு-அடியில் உள்ள முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் வருவதுதான் குதிரைத்திறன். ஒன்று தெரிந்தால் மற்றொன்று கணக்கில் வந்துவிடும். இப்போது பியூக்கின் 510ஐ 2,800ஆல் பெருக்கி வகுத்துப் பாருங்கள். 272 வருகிறது. அதாவது, ஆக்சிலரேட்டரில் கால் வைத்த சில நொடிகளில், எஞ்சின் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் வேகத்திலேயே, கமாரோ 5,800இல் தருவதாகச் சொன்ன 290ஐ இது நெருங்கிவிடுகிறது. அதே 2,800இல் கமாரோவிடம் என்ன இருக்கும்? அதன் முறுக்குவிசை எங்கேயும் 290ஐத் தாண்டுவதில்லை என்பதால், எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் 155 குதிரைத்திறனுக்கு மேல் இருக்க வழியில்லை.

என் மாமா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். முறுக்குவிசை என்ற பாடப்புத்தகச் சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை. எஞ்சின் வேலை முடிந்து லாரியை வெளியே எடுத்துப் போய்த் திரும்பியவுடன், "இழுவை எப்படி?" என்று ஓட்டுநரிடம் கேட்பார். எத்தனை கிலோமீட்டர் வேகம் போனது என்று கேட்டதே கிடையாது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் கியர் இறக்காமல் ஏறுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இழுவை என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பியூக்கில் அந்த இழுவையை முதுகால் உணர்ந்தேன். அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. சிக்னல் பச்சைக்கு மாறியதும் காலைப் பாதிதான் அழுத்தினேன். முன்பக்கம் மெல்ல எழுந்தது. இருக்கை என்னைத் தள்ளிக்கொண்டு போனது. சத்தம் அதிகரிக்கவே இல்லை. ஏழரை லிட்டர், அதாவது 455 கன அங்குல எஞ்சின். பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரமான ஸ்ட்ரோக் 99 மில்லிமீட்டர். அது அவசரப்படவில்லை, அதற்கு அவசரப்படும் தேவையும் இல்லை. 1970 வரை இந்த அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று பியூக், ஷெவர்லே இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு தடை போட்டு வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கிய ஆண்டில் பிறந்த கார் இது. மோட்டார் ட்ரெண்ட் இதழ் சோதித்தபோது கால் மைலை 13.38 நொடியில் கடந்தது. மருத்துவர்களும் வங்கி மேலாளர்களும் வாங்கும் வண்டி என்று பெயர் எடுத்திருந்த ஒரு நிறுவனத்திலிருந்து இப்படி ஒன்று வந்தது என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி.

கமாரோவுக்கு மாறினேன்.

இந்த எஞ்சின் எதற்காகப் பிறந்தது என்று தெரியாமல் இதைக் குறை சொல்வது நியாயமாகாது. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில் எஞ்சின் 305 கன அங்குலத்தை, அதாவது ஐந்து லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஷெவர்லேயில் வின்ஸ் பிகின்ஸ் என்ற பொறியாளர் இந்தப் பந்தயத்துக்காகவே ஒரு கமாரோ வேண்டும் என்று மேலிடத்தில் வலியுறுத்தினார். 327 கன அங்குல எஞ்சினின் அகன்ற சிலிண்டரில், 283 எஞ்சினின் குட்டை கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பொருத்தினார்கள். நான்கு அங்குல சிலிண்டர் விட்டம், மூன்று அங்குல ஸ்ட்ரோக். மொத்தம் 302 கன அங்குலம். பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அதைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். 1967இல் 602 கார்கள்தான் விற்றன. 1969இல் அது 20,302 ஆனது. மார்க் டானஹியூ ஓட்டி, 1968இலும் 1969இலும் ஷெவர்லேவுக்குப் பட்டத்தை வென்று கொடுத்தார்.

குட்டை ஸ்ட்ரோக் ஏன் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். பியூக் 5,000 சுழற்சியில் ஓடும்போது அதன் பிஸ்டன் சராசரியாக என்ன வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறதோ, அதே வேகத்தைக் கமாரோவின் பிஸ்டன் 6,500இல்தான் எட்டுகிறது. உலோகத்துக்கு ஒரே பாடுதான். கமாரோவுக்கு 1,500 சுழற்சி கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் சுற்றினால் மட்டும் போதாது, அந்த வேகத்தில் மூச்சு விடவும் வேண்டும். அதற்குத்தான் பெரிய வால்வுகள், நிமிடத்துக்கு 780 கன அடி காற்றை விடும் ஹோலி கார்புரேட்டர், வால்வை வெகுநேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட்.

அந்தக் கேம் ஷாஃப்ட்தான் இந்தக் காரின் குணத்தையே எழுதுகிறது. பிஸ்டன் கீழே வந்து மறுபடி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வால்வை அது மூடுவதில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது, பஸ் நகரத் தொடங்கிய பிறகும் படியில் இன்னும் நான்கு பேர் ஏறிவிடுவார்கள். அதிவேகத்தில் காற்றும் அப்படித்தான். அதன் சொந்த வேகமே இன்னும் கொஞ்சத்தை உள்ளே திணித்துவிடுகிறது. குறைந்த வேகத்தில் பின்னாலிருந்து நெருக்க யாரும் இல்லை. படியில் நிற்பவர்களும் இறங்கிவிடுகிறார்கள். உள்ளே வந்த காற்றை ஏறிவரும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடுகிறது. ஐடிலில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, அந்தக் கார் குலுங்கிக் குலுங்கி நிற்பதற்கும், கிளட்சை விடும்போது கொஞ்சம் தயங்கினாலும் எஞ்சின் அணைந்துவிடுவதற்கும் காரணம் இதுதான். முதல் சிக்னலில் எனக்கு அணைந்துவிட்டது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை எஞ்சினை 2,500 சுழற்சிக்குக் கொண்டுபோய்க் கிளட்சை விடுங்கள் என்று கையால் காட்டினார்.

கியரை மாற்றியமைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், சக்கரத்தில் போய்ச் சேரும் இழுவையைக் கியர் பெருக்கிக் கொடுக்கும். இந்தக் கமாரோவில் முதல் கியர் 2.20 மடங்கு, பின் அச்சு 4.10 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் 9.02. பக்கத்து வீட்டுப் பியூக்கில் முதல் கியர் 2.48, பின் அச்சு 3.64, பெருக்கினால் 9.03. இரண்டும் ஒன்றேதான்! கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கியர் சமம் என்றால் சக்கரத்தில் மிஞ்சுவது 510க்கும் 290க்கும் உள்ள வித்தியாசம்தான். பியூக் சுமார் 200 கிலோ கூடுதல் எடை என்பதைக் கழித்தாலும் அந்த வித்தியாசம் மலைபோல நிற்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. நான் ஓட்டிய பகுதியில் வேக வரம்பு மணிக்கு 45 மைல். அந்த வேகத்தில் கமாரோவின் எஞ்சின், முதல் கியரில் வைத்தே ஓட்டினாலும், சுமார் 5,200 சுழற்சியில்தான் இருக்கும். பிரசுரத்தில் போட்ட 290 குதிரைத்திறன் இருப்பது 5,800இல். சட்டத்தை மீறாமல் அந்த எண்ணை அந்தச் சாலையில் ஒருவர் தொடவே முடியாது. பியூக்கின் 2,800 என்பதோ ஒவ்வொரு சிக்னலிலும் கையில் கிடைக்கும் எண்.

ஆகவே சாலைக்கு எது என்று கேட்டால் நான் தயங்காமல் பியூக் என்பேன். கடைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டவும் அதுதான் சரி.

ஆனாலும் கமாரோவின் எண்களை இன்னொரு முறை பாருங்கள். 4,600இல் 360 குதிரைத்திறன் என்றால், பியூக்கின் முறுக்குவிசை அங்கே 510இலிருந்து 411ஆக இறங்கிவிட்டது என்று அர்த்தம். கமாரோ 4,200இலிருந்து 5,800 வரை போயும் 290இலிருந்து 263க்குத்தான் இறங்குகிறது. பியூக் மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில் இது சீராக ஓடுகிறது. 290 என்ற எண்ணையே வேண்டுமென்று குறைத்துப் போட்டார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி. எஞ்சினின் உண்மையான உச்சம் 5,800ஐயும் தாண்டி மேலே இருக்கிறது. பெரிய எண்ணை மட்டும் இல்லை, பக்கத்து எண்ணையும் மறைத்துவிட்டார்கள். (அன்று அமெரிக்காவில் எல்லா எண்களும் ஏர் ஃபில்டரோ சைலன்சரோ மாட்டாத எஞ்சினில் எடுக்கப்பட்டவை. காரில் பொருத்திய நிலையில் அளக்கும் முறை 1972இல்தான் பரவலாக வந்தது. இன்றைய கார்களோடு இவற்றை ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

நான் ஓட்டியபோதே 4,000க்கு மேல் ஏதோ மாறியது. வால்வுகளின் டக்டக் சத்தம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இழுப்பான ஒலியாகியது. குலுக்கல் நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை தானாக இறுகியது. பியூக் எனக்காக எல்லாவற்றையும் செய்து கொடுத்தது. இந்தக் கார் என்னிடம் வேலை கேட்டது. கேட்ட வேலையைச் செய்தவுடன் கூலியைக் கையில் கொடுத்தது.

வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் மைத்துனர் கேட்டார்: "எத்தனையில் கியர் மாற்றினீர்கள்?"

"ஐயாயிரம்."

"அப்படியானால் இந்த எஞ்சினை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை."

இங்கிருந்து வடக்கே வாட்டர்ஃபோர்ட் ஹில்ஸ் என்ற பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே சிக்னலும் இல்லை, 45 மைல் பலகையும் இல்லை. மே மாதம் தம்மோடு வரச் சொல்லியிருக்கிறார். 6,800 வரை காலை எடுக்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. ஹெல்மெட் வாங்கிவிட்டேன்.