டோக்கன் நோட்டு யார் கையில் இருக்கிறதோ

திருச்சி தில்லைநகரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கிளினிக் வாசலில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். பகலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் சொந்த கிளினிக்கில் உட்காரும் டாக்டர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு டோக்கன், அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் விற்பது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, ரிசப்ஷன்ல இருக்கவங்களைத் தாண்டி டாக்டரை எப்படிப் பார்க்கிறது?" என்றுதான். எதற்குத் தாண்ட வேண்டும்? நாம் விற்கிற பொருளைத் தினமும் கையாளப் போவதே அவர்தான். டாக்டர் பணம் கொடுப்பார், அவ்வளவுதான். ரிசப்ஷன் அக்காவுக்குப் பிடிக்காத மென்பொருள் ஒரு மாதம் கூட ஓடாது. "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் மறுபடி நோட்டையே எடுக்கச் சொல்லிவிடுவார்.

அந்த நோட்டை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் நல டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் நான் பார்த்தது நீளமான கோடு போட்ட நோட்டு. போனில் பதிந்தவர்களின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். நேரில் வந்துவிட்டால் வட்டத்துக்குள் டிக். சிவப்பு மையில் எழுதிய பெயர்கள் ரிப்போர்ட் காட்ட மட்டும் வருகிறவர்கள். இவர்களுக்கு டோக்கன் எண் கிடையாது. மூன்று நோயாளிகள் உள்ளே போய் வந்ததும் ஒரு ரிப்போர்ட்டை அனுப்புவது அந்த அக்காவின் கணக்கு. காய்ச்சல் அதிகமாக இருக்கும் குழந்தை வந்தால் எண்ணைப் பார்க்காமல் உள்ளே அனுப்பிவிட்டு, காத்திருப்பவர்களிடம், "பச்சப்புள்ளங்க, அனலாக் கொதிக்குது, ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்பார். யாரும் சண்டை போட மாட்டார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் உருவாக்கிய முறை அது. எங்கள் மென்பொருளில் அப்போது இருந்தது புது நோயாளி, பழைய நோயாளி என்று இரண்டே பொத்தான்கள்.

நான் டெமோவை நிறுத்திவிட்டு, "அக்கா, ரிப்போர்ட்டுக்கு ஒரு பொத்தான், அவசரத்துக்கு ஒரு பொத்தான் வெச்சுத் தந்தா சரியா இருக்குமா?" என்று கேட்டேன். அதுவரை போனையும் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினார். "அவசரத்தை அமுக்கினா அது யாருன்னு வெளிய டிவில பேர் போடக்கூடாது தம்பி. பெத்தவங்க பயந்துடுவாங்க" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றாத விஷயம். இரண்டு பொத்தான்களும் அவர் சொன்னபடியே செய்து கொண்டுபோனோம். அதன் பிறகு டாக்டரிடம் நான் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். "சிஸ்டர்ட்ட காட்டிட்டீங்களா? அவங்க சரின்னா எனக்கும் சரி."

ரிசப்ஷனுக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?" ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் எழுதிக்கொண்டு, எதிரே நிற்பவருக்குத் தலையாட்டிப் பதில் சொல்கிறவரிடம் போய் "டிஜிட்டல் மாற்றம்" என்று பேசக்கூடாது. அந்த போன் குறையும் என்று சொல்லுங்கள், குறைத்தும் காட்டுங்கள். அதனால்தான் நான் டெமோவை ஒரே கையால் செய்வேன். கீபோர்டின் எண் பொத்தான்களில் பத்து இலக்க போன் நம்பர், ஒரு என்டர், டோக்கன் விழ வேண்டும். இரண்டு கையும் மவுஸும் தேவைப்பட்டால் அது அந்த மேசைக்கான பொருள் இல்லை.

நோயாளிகளுக்குப் போகிற குறுஞ்செய்தியும் அப்படித்தான். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். ஆங்கிலத்தில் 160 வரை போகலாம். கம்பெனி எழுதித் தந்தது "அன்புடையீர்" என்று தொடங்கி மூன்று செய்தி நீளத்துக்கு ஓடியது. அக்கா அதைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தது இது: "டோக்கன் 24. இப்போது 15 ஓடுகிறது. 7 மணிக்கு வந்தால் போதும்." ஒரே செய்திக்குள் அடங்கியது. தொலைத்தொடர்பு விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்தால்தான் அனுப்ப முடியும். அதை அப்படியே பதிவு செய்தோம்.

சில விஷயங்களை நான் செய்யவே மாட்டேன். "இதைப் போட்டா ரிசப்ஷன்ல ஒரு ஆளைக் குறைச்சிடலாம் சார்" என்று டாக்டரிடம் சொல்லும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். கதவு திறந்திருக்கும், அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். குறைந்த சம்பளத்தில், ஞாயிறு காலையும் சேர்த்து வேலைக்கு வருகிறவரின் பிழைப்பில் கைவைத்து விற்க எனக்கு மனம் வராது. அப்புறம், நோயாளிகளின் போன் நம்பர் பட்டியலை அவரிடம் கேட்பது. ஸ்வீட் பாக்ஸோடு வந்து கேட்கிறார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், விஷயம் வெளியே வந்தால் வேலை போவது அவருக்குத்தான். கையில் காசு கொடுப்பதும் வேண்டாம். நோயாளியை அனுப்புவதற்கு கமிஷன் வாங்கக்கூடாது என்று டாக்டர்களுக்கு 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. அதைச் சுற்றிக்கொண்டு ரிசப்ஷன் வழியாக நுழைவது அசிங்கம். தீபாவளிக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டி இனிப்பு, டாக்டருக்குத் தெரிந்தே. அதோடு சரி.

நேரம் பார்த்துப் போவது பாதி வேலை. திங்கட்கிழமை வேண்டாம், லீவுக்கு மறுநாள் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் குழந்தைகள் கிளினிக் பக்கமே போகாதீர்கள். டாக்டர் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம் நல்லது: கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பத்தி ஏற்றி, நோட்டில் தேதி எழுதி முடித்திருப்பார்கள். பையைக் கவுன்ட்டர் மேல் வைக்காமல், ஓரமாக நின்று பேசுங்கள். நோயாளி ஒருவர் வந்துவிட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். அவர் கூப்பிட்டால் மறுபடி போகலாம்.

மென்பொருள் வந்த பிறகும் நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். கரன்ட் போகும், நெட் போகும், அன்றைக்கு நோட்டுதான் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஓடட்டும். எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்வார்.

இந்த வேலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகி வெளியூர் போவார்கள், ஐநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த தெருவுக்கு மாறுவார்கள். புதிதாக வருகிறவருக்கு முதலில் இருந்து சொல்லித்தர நான் மறுபடி போகிறேன், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. பொத்தான் யோசனை சொன்ன அக்காவும் இப்போது எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சேர்ந்துவிட்டார். போன வாரம் அவரே கூப்பிட்டார். அங்கே பாதிப் பேரை எக்ஸ்ரே எடுக்க வெளியே அனுப்புகிறார்களாம், அவர்கள் திரும்பி வரும்போது வரிசை குலைந்துபோகிறதாம். "அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா தம்பி, அப்புறம் டாக்டர்ட்ட பேசலாம்" என்றார். வழி இன்னும் பிடிபடவில்லை. வியாழக்கிழமை அங்கே கூட்டம் குறைவாம், போய் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.