கட்டிக்கான எதிர்ப்பொருளைத் தமனியில் சோதித்த அனுபவம்

புற்றுக்கட்டியை அழிக்க உருவாக்கப்பட்ட ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), நீரிழிவால் கெட்டுப்போன தமனியின் அழற்சியையும் தணிக்குமா என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. நம் செல்கள் சிடி47 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கியிருப்பதால், கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்கள் அவற்றை விழுங்காமல் விட்டுவிடுகின்றன. புற்றுச் செல்கள் இதே புரதத்தை மிகுதியாகக் காட்டித் தப்பிக்கின்றன. அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது தமனியில் தேங்கிய இறந்த செல்கள் அகற்றப்பட்டுக் கொழுப்புப் படிவும் குறைந்தது என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 2016இல் 'நேச்சர்' இதழில் காட்டியிருந்தது. உயர்ந்த சர்க்கரை அழற்சியை ஓயவிடாத நீரிழிவுத் தமனியில் இது எந்த அளவுக்குப் பலிக்கும் என்று பார்க்க விரும்பினோம்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பின், ஏபோஈ மரபணு நீக்கப்பட்டதால் தமனியில் எளிதில் கொழுப்புப் படியும் சுண்டெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியைக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 5 நாள் செலுத்தினோம். கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கும் இம்மருந்து, கரைத்த சில நிமிடங்களிலேயே வீரியம் குறையத் தொடங்குவதால், எலிகளை எடைபோட்டு வரிசைப்படுத்திய பிறகுதான் சிட்ரேட் கரைசலில் கலப்போம். வால் நுனி இரத்தத்தில் சர்க்கரை 250ஐத் தாண்டியவற்றை மட்டுமே ஆய்வில் சேர்த்தோம். அவை ஓயாமல் நீர் குடித்துச் சிறுநீர் கழிப்பதால், கூண்டின் மரத்தூளை நாள்தோறும் மாற்ற வேண்டியிருந்தது.

ஆய்வின் உண்மையான கடினம் நுண்ணோக்கியில்தான் இருந்தது. பெருந்தமனியின் வேர்ப்பகுதியை உறையவைத்து, மூன்று வால்வு இதழ்களும் ஒருசேரத் தெரியும் இடத்திலிருந்து 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவோம். எந்தச் சாயமும் இடாத சீவலிலேயே தமனிச் சுவரின் எலாஸ்டின் இழைகள் பச்சையாக, வளையம் வளையமாக ஒளிரும். எனவே பச்சைச் சாயத்தை ஒதுக்கி, தொலைசிவப்புச் சாயம் பிணைத்த எதிர்ப்பொருளையே எலிகளுக்குச் செலுத்தினோம். அதன் பின்னும் ஒரு பெரிய ஐயம் எஞ்சியது: படிவில் தெரியும் ஒளி, எதிர்ப்பொருள் சிடி47ஐப் பற்றியதால்தான் வருகிறதா? படிவில் குவிந்திருக்கும் மேக்ரோபேஜ்களில் எஃப்சி ஏற்பிகள் நிறைய உண்டு. எந்த எதிர்ப்பொருளாக இருந்தாலும் அதன் அடித்தண்டைப் பற்றிக்கொள்வதே அவற்றின் இயல்பு. ஆகவே, எதையும் இலக்காகக் கொள்ளாத, ஆனால் அதே வகையைச் சேர்ந்த ஒப்பீட்டு எதிர்ப்பொருளை, அதே சாயத்துடன், அதே அளவில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்தோம். அந்தச் சீவல்களிலும் படிவு மெலிதாக ஒளிர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இலக்கைப் பற்றியதன் அளவாகக் கொள்ள முடியும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒப்பீட்டுக் குழு இல்லாத அழகான படங்களை எந்தக் கூட்டத்தில் காட்டினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சிவப்பணுக்களும் சிடி47ஐத் தாங்குபவை. அதனால் மருந்தின் ஒரு பங்கு அவற்றிலேயே சிக்கிக்கொள்கிறது. வயதான சிவப்பணுக்கள் விழுங்கப்பட்டு இரத்தசோகையும் வருகிறது. ஹீமோகுளோபின் அளவைத் தொடர்ந்து பார்த்து, சோர்ந்த எலிகளுக்கு உடனே கவனிப்புக் கொடுத்தோம். படிவின் பரப்பையும் மேக்ரோபேஜ் அடர்த்தியையும் அளந்தவருக்கு எந்தச் சீவல் எந்தக் குழுவுடையது என்பது தெரியாது. குறியீட்டுத் தாளை வேறொருவர் பூட்டி வைத்திருந்தார்.

2021இல், சிடி47ஐத் தடுக்கும் மாக்ரோலிமாப் என்னும் எதிர்ப்பொருளைப் பெற்ற லிம்போமா (நிணநீர்ப் புற்று) நோயாளிகள் சிலரின் கழுத்துத் தமனிகளில் அழற்சி குறைந்ததாக ஸ்கேன் படங்களைக் கொண்டு ஓர் அறிக்கை வெளியானது. அவர்கள் ரிட்டுக்ஸிமாப் என்னும் மற்றொரு புற்றுநோய் எதிர்ப்பொருளையும் சேர்த்தே பெற்றவர்கள், எண்ணிக்கையிலும் குறைவு. ஆதலால் அதை நீரிழிவு நோயாளிகளுக்கான சான்றாக நான் கொள்ளவில்லை. இரத்தசோகையைத் தவிர்த்து, படிவின் மேக்ரோபேஜ்களுக்கு மட்டும் மருந்தைச் சேர்க்கும் நுண்துகள்களை நீரிழிவு எலிகளில் சோதிப்பதற்கான விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். வெற்றுத் துகள் பெறும் ஒப்பீட்டுக் குழுவை அதில் முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன்.