பேப்பர் இருக்குதுங்களா?

வாழ்க்கையில் முதல் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று நான் அந்தியூரில் ஒரு விபத்துச் செய்திக்காக ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டிலிருந்து மனைவி போன் பண்ணினாள். "ஏனுங்க, ஈரோட்டுல இருந்து யாரோ வக்கீல் ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்காருங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன், தப்புங்களா?" என்றாள். தப்பில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கோபி வந்து சேர்கிற வரைக்கும் என்ன செய்தி போட்டோம், யார் வயிறு எரிந்தது என்று மனசுக்குள் பட்டியல்தான் ஓடியது.

மூணு பக்க நோட்டீஸ். ஒரு ஒப்பந்ததாரர் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளத்தில் கட்டிய தடுப்பணை எஸ்டிமேட்டில் இருக்கும் நீளத்தைவிடக் குட்டையாக இருக்கிறது என்று ஒற்றைப் பத்தியில் ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தேன். அதனால் அவருக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம், 15 நாளில் மன்னிப்பு, இல்லையென்றால் 10 லட்சம். அந்தச் செய்திக்கு எனக்குக் கிடைத்தது 150 ரூபாய். பத்திரிகைக்குப் போன் போட்டேன். டெஸ்க்கில் இருந்தவர் ரொம்ப நிதானமாக, "நோட்டீஸ் உங்க பேருக்குத்தானே வந்திருக்கு?" என்றார். பகுதி நேர நிருபர் என்றால் என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

ஈரோடு கோர்ட்டில் சிவில் பார்க்கும் ஒரு வக்கீல், மாமா வழியில் பழக்கம். போய் உட்கார்ந்து முதலிலிருந்து கதையை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "கதையெல்லாம் அப்புறம் சொல்லலாம் தம்பி. பேப்பர் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று போனை நீட்டினேன். ஆபீஸில் தெரிந்த ஒருத்தர் எஸ்டிமேட்டை மேஜையில் வைத்துக் காட்ட, அவசரத்தில் எடுத்த போட்டோ. வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "சரி, இது யாரு கட்டைவிரலு?" காகிதத்தின் ஓரத்தில் பாதி விரலும் ஒரு செம்பு மோதிரமும் விழுந்திருந்தது, அதுவரைக்கும் நான் கவனிக்கவே இல்லை. "இதைக் கோர்ட்டுல காட்டுனீங்கன்னா, மொதல்ல இந்த மோதிரத்துக்காரர் வேலை போயிருமுங்க."

தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நிருபர் அடம்பிடிக்கலாம், சட்டம் நம்ம பக்கம் நிற்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படித் தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் கிடையாது. 1978 பிரஸ் கவுன்சில் (பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது அந்தக் கவுன்சில் முன்னால் நிற்கும்போது மட்டும்தான். ஈரோடு கோர்ட்டில் கேட்டால் அது உதவாது.

அப்புறம் நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவைக் காட்டினேன். பதினொரு கேள்வி. சிவப்புப் பேனாவை எடுத்தவர் ஒன்பதை அடித்தார். அடித்ததெல்லாம் 'ஏன்', 'எதற்காக', 'யார் பொறுப்பு' என்று ஆரம்பிப்பவை. தகவல் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், விளக்கம் கேட்க முடியாது, ஏன் என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள் என்றார். அவர் எழுதிக் கொடுத்தது நாலே வரி: எஸ்டிமேட், எம்-புக்கில் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) அந்த வேலைக்கான பக்கங்கள், வேலை முடிந்ததற்கான சான்று, பணம் கொடுத்த பில், எல்லாம் சான்றிட்ட நகலாக. கடைசியில் பிரிவு 2(ஜே) படி கோப்பை நேரில் பார்க்கவும் அனுமதி கேட்டார். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீஸ் வில்லை (ஸ்டாம்ப்) ஒட்டி அனுப்பினோம். நோட்டீஸுக்குப் பதில் அவரே தனியாகப் போட்டார், ஒரு பக்கம்தான், செய்தியில் நிற்கிறோம் என்று.

30 நாள் கெடுவில் 29ஆம் நாள் பதில் வந்தது. (30 தாண்டிவிட்டால் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது அவர்களுக்கும் தெரியும் போல.) மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது, தர இயலாது என்று. பொதுப் பணத்தில் கட்டி பில்லும் வாங்கின சுவரில் மூன்றாம் நபர் எங்கே வந்தார்? முதல் மேல்முறையீடு போட்டோம். அது பலிக்காவிட்டால் 90 நாளில் மாநிலத் தகவல் ஆணையம், ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்கு என்று மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதுவரை போகவில்லை. 38 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 76 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

எம்-புக்கில் தடுப்பணை நீளம் 42 மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் குமாஸ்தாவும் நானும் டேப் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினோம். சீமைக்கருவேல முள் காலில் ஏற ஏற, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். 31 மீட்டர். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் இழுத்தோம். அதே 31. "பதினொண்ணு மீட்டர் வெள்ளத்துல போயிருச்சாக்கும்" என்றார் பெரியவர்.

அந்த நகலை வைத்து இரண்டாவது செய்தி எழுதினேன். இந்தத் தடவை நோட்டீஸ் வரவில்லை. பழைய நோட்டீஸ்காரரும் வழக்குப் போடவில்லை. அச்சில் வந்த அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்க ஒரு வருஷம்தான் கெடு, அது ஓடிப்போனது.

வக்கீல் எனக்குப் படிக்கச் சொன்னது 1994 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நக்கீரன் பத்திரிகை வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் ஜெயிலில் எழுதிய சுயசரிதையில் அதிகாரிகள் பெயர் வருகிறது, போடாதே என்று சிறைத்துறை ஐஜி கடிதம் எழுதியதில் கிளம்பிய வழக்கு. (அவனை அடுத்த வருஷமே சேலம் ஜெயிலில் தூக்கில் போட்டார்கள்.) அரசாங்கம் வெளியீட்டுக்கு முன்னாலேயே தடை போட முடியாது, பொது ஆவணத்தில், கோர்ட் ஆவணத்தில் இருப்பதை எடுத்துப் போட்டால் பொதுவாக அந்தரங்க மீறல் என்று கிளம்ப முடியாது, அதிகாரியின் உத்தியோக வேலையைப் பற்றி நியாயமாக விசாரித்து எழுதியது தப்பாகவே போனாலும் நஷ்ட ஈடு கிடையாது என்று அதில் இருக்கிறது. நான் வாயைத் திறந்ததும் வக்கீல் ஏன் பேப்பர் கேட்டார் என்பது அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

தீர்ப்பு இருந்தாலும் கைது நிற்பதில்லை, அது வேறு. 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயம், கோயமுத்தூரில் ஒரு இணையச் செய்தித் தளத்தின் நிறுவனரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். அடுத்த மாசமே சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகையாளர்கள் மேல் அரசு போட்டிருந்த பழைய அவதூறு வழக்குகளை ரத்து செய்தது. பெரிய பத்திரிகைகளின் ஆசிரியர்கள் அவர்கள், நல்ல வக்கீல்கள் இருந்தார்கள், அப்படியும் வருஷக்கணக்கில் இழுத்தது. தாலுகா நிருபருக்கு யார் இருக்கிறார்கள்? 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு டிவி நிருபர், ஆட்கள் சுற்றுகிறார்கள் என்று போலீஸுக்குப் போன் போட்டுச் சொல்லியும் வெட்டுப்பட்டார். அங்கே வக்கீலும் பேப்பரும் என்ன செய்யும் என்று எனக்குப் பதில் தெரியவில்லை.

அமெரிக்காவில் ரிப்போர்ட்டர்ஸ் கமிட்டி என்று ஒன்று 1970லிருந்து பத்திரிகைக்காரர்களுக்குக் காசு வாங்காமல் சட்ட உதவி செய்கிறது. 2020 வாக்கில் கொலராடோ, ஓக்லஹோமா மாதிரி மாநிலங்களில் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கென்றே அங்கேயே இருக்கிற வக்கீல்களைப் போட்டார்கள், ஆவணம் கேட்டு வழக்குப் போடுவதும் அவர்கள் வேலை. நமக்கு ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மூணுக்கும் சேர்த்து அப்படி ஒருத்தர் இருந்தால் போதும். நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதற்காகச் சொல்லவில்லை. மனு எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது கேள்வியை அடிக்க ஒருத்தர் வேண்டும்.

இப்போது புதுத் தலைவலி, 2023 தனிநபர் தரவுச் சட்டம். ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவை அது சுருக்கிவிட்டது, 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. முன்பு பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்கலாம், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை நமக்கும் மறுக்கக் கூடாது என்று கூடவே ஒரு வரி இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற இரண்டு சொல்லே போதும். பில்லில் ஒரு பெயர் இருந்தால் அதுவும் தனிப்பட்ட தகவல்தானே என்பார்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம். வக்கீல் இப்போது எல்லா மனுவிலும் அதை முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறார்.

அவர் ஃபீஸ் 1,500. கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், எனக்கு அதுதான் பிடித்தது. இரண்டாவது செய்திக்கும் 150தான் வந்தது. அடுத்த மனு, ஒரு சாக்கடைக் கால்வாய் சம்பந்தமாக, நாலு வரியில் தயாராக இருக்கிறது. வில்லைதான் இல்லை. போன வாரம் கேட்டதற்கு ஸ்டாக் இல்லை என்றார்கள், நாளைக்கு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.